உளுந்தில் மஞ்சள் தேமல் நோயை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் டெல்டா பக்கம் உளுந்து போட்டவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "செடி மஞ்சளாகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்ன மருந்து என்பது அப்புறம். முதலில் அது என்ன மஞ்சள் என்று தெரிய வேண்டும். உளுந்து மஞ்சளாக ஏழெட்டுக் காரணங்கள் உண்டு, வைரஸ் அவற்றில் ஒன்று. இரும்புச் சத்துக் குறைந்த வயலில் பூச்சிமருந்து அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், வைரஸ் வந்த வயலில் மூட்டை மூட்டையாக உரம் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் பணம் போனதுதான் மிச்சம். அதனால் இந்தப் பக்கத்தில் மருந்தைவிட அடையாளம் காணும் வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். உளுந்தை வைத்துச் சொன்னாலும் பாசிப்பயறுக்கும் பெரும்பாலும் இதெல்லாம் பொருந்தும்.

மஞ்சள் தேமல் நோய் என்பது என்ன? எதனால் வருகிறது?

வைரஸால் வருகிறது. அந்த வைரஸைச் செடிக்குச் செடி கொண்டு சேர்ப்பது வெள்ளை ஈ. காற்றில் தானாகப் பறந்து வராது. நோயுள்ள செடியைத் தொட்ட கையால் நல்ல செடியைத் தொட்டாலும் பரவாது. இது பலருக்குத் தெரியாமல், களை எடுக்க வந்தவர்கள் மேல் பழி விழுவதுண்டு.

இந்த வைரஸின் குடும்பத்துக்கு ஜெமினி வைரஸ் என்று பெயர். ஜெமினி என்றால் மிதுனம். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு துகள்கள் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். இதன் மரபுப் பொருள் ஏ, பி என்று இரண்டு தனித்தனி டி.என்.ஏ. வளையங்களாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே போனால்தான் செடிக்கு முழு நோய் வரும்.

இந்தியாவில் பாசிப்பயறில் இந்த நோயை முதலில் பதிவு செய்தவர் டி.கே. நரியானி, 1960-ல், டெல்லியில். பின்னால் வந்த ஆய்வுகள், ஒரே மாதிரி தெரியும் இந்த நோய்க்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்கள் இருப்பதைக் காட்டின. தமிழ்நாட்டையும் தென்னிந்தியாவின் மற்ற பகுதிகளையும் அதிகம் பாதிப்பது 'பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸ்'. வடக்கிலும் கிழக்கிலும் மத்திய இந்தியாவிலும் அதிகம் இருப்பது 'பாசிப்பயறு மஞ்சள் தேமல் இந்திய வைரஸ்'. கொள்ளுக்கும் அவரைக்கும் தனித்தனியாக நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள் உண்டு. வயலில் நின்று கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். ஆனால் இது மஞ்சள் தேமலா, வேறு ஏதாவதா என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

முதல் அறிகுறி செடியில் எங்கே தெரியும்?

கொழுந்தில்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உளுந்து முளைத்ததும் விதையிலை, அப்புறம் எதிரெதிரே ஒரு ஜோடி தனி இலை, அதன் பிறகுதான் மூன்று மூன்றாகச் சேர்ந்த மூவிலைக் கொத்துகள் வரும். வைரஸ் ஏறிய செடியில் இளம் மூவிலைக் கொத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசிமுனை அளவில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். மஞ்சள் தூளைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். இந்தக் கட்டத்தில் குனிந்து பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும்.

அடுத்து விரியும் கொத்தில் கதை மாறிவிடும். பச்சையும் பளீர் மஞ்சளும் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல் கலந்து வரும். மஞ்சள் திட்டுக்குள் போகும் சிறு நரம்பும் சேர்ந்தே மஞ்சளாகியிருக்கும். பச்சைத் திட்டுகள் லேசாக மேடு தட்டி, இலை கொஞ்சம் சுருங்கி, அளவில் சிறுத்திருக்கும். தோலில் வரும் தேமலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லவே வேண்டாம்.

நாளாக ஆக மஞ்சள் பரவி, புதிதாக வரும் இலை முழுக்க எலுமிச்சை நிறமாகிவிடும். சில ரகங்களில் மஞ்சள் திட்டுகளுக்கு நடுவே திசு காய்ந்து பழுப்பாவதும் உண்டு. அதைப் பார்த்து இலைப்புள்ளி நோய் என்று நினைத்துவிட வேண்டாம். நோய் வந்த செடி தாமதமாகப் பூக்கும், பூவும் குறைவு. காய் பிடித்தாலும் குட்டையாக, மஞ்சள் பூத்து இருக்கும், உள்ளே மணி சுருங்கியிருக்கும்.

எந்த நாளில், எப்படிப் பார்க்க வேண்டும்?

விதைத்த 15-ஆம் நாளிலிருந்து 35-ஆம் நாள் வரை வாரம் இரண்டு முறை வயலுக்குள் இறங்குங்கள். வெள்ளை ஈ வைரஸைச் செலுத்தியதற்கும் அறிகுறி தெரிவதற்கும் இடையில் ஏறத்தாழ 10 முதல் 15 நாள் ஆகும். ஆகவே 20-ஆம் நாள் கண்ணில் படும் செடிக்கு நோய் வந்தது முளைத்த முதல் வாரத்திலேயே. இன்றைக்குத் தெரிவது இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் இரண்டு லாபம். பளீர் வெயிலில் இலை வெளிறித் தெரிந்து கண்ணை ஏமாற்றும், காலையில் அந்தத் தொல்லை இல்லை. வெள்ளை ஈயும் அந்த நேரத்தில் மந்தமாக இருக்கும். இலையை மெதுவாகத் திருப்பினால் அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவில், வெள்ளை மாவு பூசிய சிறகோடு உட்கார்ந்திருக்கும்.

வரப்போரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. வயலில் குறுக்கு மறுக்காக நடந்து ஐந்து இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் 20 செடிகளின் கொழுந்தைப் பாருங்கள். மொத்தம் 100 செடி ஆகிவிடும், நோய் வந்தவை எத்தனையோ அதுவே சதவீதம். சந்தேகமான செடி இருந்தால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, ஒரு நூலைக் கட்டிவிட்டு வாருங்கள். நாலைந்து நாள் கழித்து அதே செடியில் புதிதாக விரிந்த இலையைப் பாருங்கள். வைரஸ் என்றால் முந்தைய இலையைவிடப் புதிய இலை மோசமாக இருக்கும். இவ்வளவு எளிய சோதனையை நான் வேறெந்த நோய்க்கும் கண்டதில்லை. பைசா செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

இரும்புச் சத்துக் குறைந்தாலும் கொழுந்துதானே மஞ்சளாகிறது? எப்படிப் பிரிப்பது?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இரண்டுமே இளம் இலையில் வருவதால் குழப்பம் இயல்புதான்.

ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரும்புக் குறைபாடு என்றால் நரம்புகள் பச்சையாக, வலை பின்னிய மாதிரி தெளிவாகத் தெரியும். நரம்புகளுக்கு இடைப்பட்ட இடம் மட்டும் சீராக வெளுத்திருக்கும். ஒரு சிற்றிலையின் இடது பாதியும் வலது பாதியும் ஒரே மாதிரி இருக்கும். கடுமையாகிவிட்டால் கொழுந்து வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். தேமலில் அந்த ஒழுங்கைத் தேடினாலும் கிடைக்காது. ஒரு பக்கம் பெரிய மஞ்சள் திட்டு, இன்னொரு பக்கம் சின்னது, நடுவில் கரும்பச்சை என்று கலைந்து கிடக்கும்.

அடுத்து வயலைப் பாருங்கள். சத்துக் குறைபாடு மண்ணோடு போகும். சுக்கான் கல் கலந்த இடம், நிலத்தைச் சமப்படுத்தும்போது மேல்மண் போய் அடிமண் வெளியே வந்த இடம், உவர் பூத்த இடம் என்று அங்கேயெல்லாம் எல்லாச் செடிகளும் சேர்ந்து வெளுத்திருக்கும். வைரஸ் வந்த வயலில், தொடக்கத்தில், நல்ல பச்சைச் செடிகளுக்கு நடுவே ஒற்றைச் செடி மட்டும் மஞ்சளாக நிற்கும். பத்தடி தள்ளி இன்னொன்று நிற்கும். ஒட்டி நிற்கும் இரண்டு செடிகளில் ஒன்று பளீர் மஞ்சள், மற்றது கரும்பச்சை என்றால் மண்ணைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டும் ஒரே மண்ணில்தானே வேர் விட்டிருக்கின்றன!

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, குறித்து வைத்த பத்துச் செடிகளுக்கு மட்டும் மாலையில் தெளியுங்கள். அன்னபேதி என்று உரக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள், பெரஸ் சல்பேட் என்பதும் அதுதான். இரும்புக் குறைபாடாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் இலையில் பச்சை ஏறுவது தெரியும். வைரஸ் என்றால் ஒன்றும் நடக்காது.

கீழ் இலைகள்தான் மஞ்சளாக இருக்கின்றன, கொழுந்து நன்றாக இருக்கிறது. இது தேமலா?

இல்லை, நிம்மதியாக இருங்கள். கீழிருந்து மேலே ஏறும் மஞ்சள் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தாலும், முடிச்சே இல்லாவிட்டாலும், செடி தழைச்சத்துக்கு ஏங்குகிறது என்று அர்த்தம்.

கீழ் இலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் காய்ந்து வந்தால் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம். 60 நாளைத் தாண்டிய பயிரில் கீழ் இலை பழுத்து உதிர்வது இயல்பான முதிர்ச்சி, அதற்கு மருந்து வேண்டாம்.

தண்ணீர் நின்ற இடமும் களைக்கொல்லி பட்ட இடமும் எப்படி இருக்கும்?

தண்ணீர் நின்ற பள்ளத்தில் செடி முழுக்கச் சோர்ந்து ஒரே சீராக வெளிறும், பிடுங்கினால் வேர் பழுப்பாக இருக்கும். களைக்கொல்லி என்றால் தெளிப்பான் போன பாதையிலேயே மஞ்சள் இருக்கும், நேர்கோடு போட்ட மாதிரி. அல்லது பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்திருந்தால் அந்த வரப்பை ஒட்டி மட்டும் இருக்கும். இரண்டிலுமே மஞ்சள் ஒரே நாளில் எல்லாச் செடியிலும் தெரியும். வைரஸ் அப்படி ஒரே நாளில் வராது.

பூச்சி உறிஞ்சியதால் வந்த மஞ்சளாக இருந்தால்?

தத்துப்பூச்சி உறிஞ்சினால் இலையின் விளிம்பு மஞ்சளாகிக் கிண்ணம் போலக் குவியும், பிறகு ஓரம் கருகும். இலையை ஆட்டினால் பூச்சி பக்கவாட்டில் நடந்து ஓடும். செம்பேன் என்றால் இலை மேல் வெளிறிய நுண்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். இலையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் சிவப்புக் கோடு விழும். இரண்டிலும் பூச்சியைக் கட்டுப்படுத்தினால் அடுத்து வரும் கொழுந்து சுத்தமாக வரும். தேமலில் வராது.

மஞ்சள் அதிகம் இல்லை, ஆனால் இலை சுருங்கி, மடங்கிக் கிடக்கிறது. இதுவும் வைரஸா?

இருக்கலாம். உளுந்துக்கு மஞ்சள் தேமல் மட்டும் எதிரி இல்லை. தமிழ்நாட்டு வயல்களில் நீங்கள் பார்க்கக்கூடிய மற்ற மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது இலைச்சுருக்க நோய். மூன்றாவது மூவிலைக் கொத்து வாக்கில் இலை வழக்கத்தைவிடப் பெரிதாகி, தடித்து, மேற்பரப்பு கசங்கிய துணி மாதிரி ஆகிவிடும். செடி குட்டையாக நிற்கும். பூக்கொத்து விரியாமல் குச்சமாகக் கூடிக் கிடக்கும். காய் பிடிக்காததால், மற்ற செடிகள் முதிர்ந்து காயும்போதும் இது மட்டும் பச்சையாக நிற்கும். அறுவடை நேரத்தில் வயலில் பச்சையாகத் தனித்து நிற்கும் செடியைப் பார்த்து "இது நல்ல தெம்பான செடி" என்று விதைக்கு ஒதுக்கிவிடாதீர்கள். இந்த நோய் விதை வழியாகவும் வரும்.

இரண்டாவது இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் வைரஸ். நிலக்கடலையில் பெயர் வாங்கியது, உளுந்தையும் பாசிப்பயறையும் விடாது. இலையின் விளிம்பு கீழ்நோக்கி வளையும், பக்க நரம்புகளை ஒட்டி மஞ்சள் ஓடும். இலையைத் திருப்பினால் அடியில் நரம்பு செம்பழுப்பாக, காம்பு வரை நிறம் இறங்கியிருக்கும். இலை மொடமொடப்பாகி, விரலால் சுண்டினால் உதிர்ந்துவிடும். இளம் வயதில் தாக்கினால் நுனி கருகிச் செடியே செத்துப் போகும். மஞ்சள் தேமல் செடியை அப்படிச் சாகடிக்காது, உயிரோடு வைத்துக்கொண்டே காய்க்க விடாது. பிரித்துப் பார்க்க இந்த வேறுபாடு நல்ல துணை.

மூன்றாவது அசுவினி பரப்பும் சாதாரணத் தேமல். தட்டைப்பயறில் அதிகம் பார்க்கலாம். இதில் பளீர் மஞ்சள் கிடையாது. வெளிர் பச்சையும் கரும்பச்சையும் கலந்து, இலை கொப்புளம் போட்ட மாதிரி இருக்கும். இதுவும் விதை வழி வரக்கூடியது.

சில சமயம் ஒரே செடியில் தேமலும் சுருக்கமும் சேர்ந்து வரும். அப்போது இரண்டு நோய் என்றே எழுதிக்கொள்ளுங்கள், வலிந்து ஒன்றில் அடக்க வேண்டாம்.

என் வயலில் வெள்ளை ஈயே கண்ணில் படவில்லை. ஆனாலும் நோய் வந்திருக்கிறதே?

வெள்ளை ஈ கூட்டமாக வர வேண்டிய அவசியம் இல்லை. வைரஸ் ஏறிய ஒரே ஒரு ஈ போதும், ஒரு செடிக்கு நோயைக் கொடுத்துவிடும். நோயுள்ள செடியில் கால் மணி நேரம் உறிஞ்சினாலே வைரஸ் அதன் உடம்புக்குள் போய்விடும். சில மணி நேரம் கழித்து அது பரப்பத் தயார். அதன் பிறகு ஒரே நாளில் ஓய்ந்துவிடாது, பல நாட்களுக்குப் பரப்பிக்கொண்டே இருக்கும். அசுவினி வாயில் ஒட்டிக்கொண்டு போய் உடனே தீர்ந்துவிடும் வைரஸ்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது.

அதோடு, நீங்கள் பார்க்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் வந்துபோன ஈக்கள்தான் இந்த வேலையைச் செய்தவை. இன்று அவை அங்கே இல்லாமல் இருக்கலாம். மஞ்சள் ஒட்டுப்பொறியை முளைத்த உடனே வைக்கச் சொல்வது இதனால்தான். எக்டேருக்கு 12 என்பது பரிந்துரை, பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே கட்டினால் போதும். பொறி வெள்ளை ஈயை ஒழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது வந்துவிட்டது என்று தகவல் சொல்லும், அதுவே பெரிய உதவி.

பக்கத்து வெண்டைத் தோட்டம் முழுக்க மஞ்சள். அங்கிருந்துதான் என் உளுந்துக்கு வந்ததா?

வெண்டையில் வருவது மஞ்சள் நரம்புத் தேமல். அதுவும் ஜெமினி குடும்பம்தான், அதையும் வெள்ளை ஈதான் பரப்புகிறது. ஆனால் வைரஸ் வேறு. வெண்டையின் வைரஸ் உளுந்துக்கு மஞ்சள் தேமலைக் கொடுக்காது. மரவள்ளித் தேமலும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டக்காரரோடு இதை வைத்து மனஸ்தாபம் வேண்டாம்.

ஆனால் வெண்டை, கத்தரி, தக்காளி, பருத்தி, வரப்பில் முளைத்த துத்தி எல்லாமே வெள்ளை ஈ குஞ்சு பொரிக்கும் இடங்கள். அங்கே பெருகிய ஈ, வழியில் ஏதாவது நோயுள்ள பயறுச் செடியில் உட்கார்ந்து வைரஸை ஏற்றிக்கொண்டு உங்கள் வயலுக்கு வரும். அந்தப் பயறுச் செடியைத்தான் தேட வேண்டும். போன பட்டத்தில் உதிர்ந்து தானாக முளைத்த உளுந்து, வரப்பில் விட்ட தட்டைப்பயறு, துவரை, மஞ்சள் திட்டு விழுந்த காட்டுப்பயறு வகைகள் என்று சுற்றிலும் பாருங்கள். விதைப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்தால் நல்லது.

நோய் தாங்கும் ரகம் என்று சொல்லித்தான் வாங்கினேன். அதிலும் வந்திருக்கிறதே?

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இந்த நோயைத் தாங்கும் உளுந்து ரகங்களைத் தொடர்ந்து கொடுத்து வருகிறது. வம்பன் 6, வம்பன் 8, வம்பன் 11 எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. கோ 5 போன்ற பழைய ரகத்தையும் இவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்கூடு. என்னைக் கேட்டால், இந்த நோய்க்கு நம் கையில் இருக்கும் ஒரே உருப்படியான ஆயுதம் ரகம்தான்.

அப்படியும் ஏன் வருகிறது? முதலில் விதையைச் சந்தேகப்படுங்கள். பை மேல் ஒரு பெயர், உள்ளே கலப்பு என்பது நடக்கக்கூடியது. நோய் வந்த செடிகளின் இலை வடிவம், உயரம், பூக்கும் நாள் மற்றவற்றோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் அது கலப்புச் செடி.

இன்னொரு காரணம் வைரஸே ஒரே மாதிரி இல்லாதது. வம்பன் உளுந்திலிருந்து பிரித்த வைரஸை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, ஏ வளையம் ஒன்றுக்கு ஐந்து விதமான பி வளையங்கள் இருப்பதைக் கண்டார்கள். 2004-ல் இது வெளிவந்தது. எந்த பி வளையம் சேர்கிறதோ அதைப் பொறுத்து அறிகுறியும் மாறியது. ஒரு பட்டத்தில் தாங்கிய ரகம் இன்னொரு பட்டத்திலோ இன்னொரு மாவட்டத்திலோ தள்ளாடுவதில் வியப்பில்லை. தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று அர்த்தமும் இல்லை. நூற்றில் நாலைந்து செடியில் லேசான திட்டு தெரிந்து, காய் நன்றாகப் பிடித்தால் ரகம் தன் வேலையைச் செய்கிறது.

நோய் வந்தால் எவ்வளவு மகசூல் போகும்?

எந்த வயதில் வந்தது என்பதுதான் கணக்கு. முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் வந்த செடியில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. பூக்கும் நேரத்தில் வந்தால் பாதி கையில் வரலாம். காய் பிடித்து முற்றும் தருணத்தில் வந்தால் பெரிய இழப்பு இல்லை. 50-ஆம் நாள் வயலில் மஞ்சளைப் பார்த்துப் பதறி மருந்துக் கடைக்கு ஓடுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: காயை எண்ணிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

மருந்து அடித்தால் மஞ்சளான செடி பச்சைக்குத் திரும்புமா?

திரும்பாது. செடிக்குள் போன வைரஸைக் கொல்லும் மருந்து விவசாயத்தில் இல்லை. யாராவது "இதை அடிங்க, நாலு நாளில் பச்சை கட்டும்" என்று ஒரு புட்டியைக் கொடுத்தால், அது இலைவழி உரமாக இருக்கும், அல்லது உங்கள் வயலில் வந்தது வைரஸே இல்லை.

மருந்தால் முடிந்தது வெள்ளை ஈயைக் குறைப்பது மட்டும். அதுவும் ஆரம்பத்தில்தான் பயன். வயல் பாதி மஞ்சளான பிறகு அடிப்பது வீண். விதைநேர்த்தி செய்து, அதாவது விதையில் மருந்து கலந்து, விதைத்தால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குச் செடிக்குக் காவல் கிடைக்கும், நான் அதைத்தான் முதலில் சொல்வேன். தெளிப்பதாக இருந்தால் வேப்பெண்ணெய் சார்ந்த மருந்தில் தொடங்கலாம், 10 சதவீத நொச்சி இலைச் சாறும் பரிந்துரையில் இருக்கிறது. பைரித்ராய்டு என்னும் செயற்கைப் பூச்சிமருந்து வகைகளைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அவை வெள்ளை ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளைத் தீர்த்துவிட, ஈ முன்பைவிட அதிகமாகப் பெருகும்.

நெல் தரிசில் போட்ட உளுந்துக்கு இது இன்னும் முக்கியம். சம்பா அல்லது தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதையைத் தெளித்துவிட்டு, மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளையும் பயிர் அது. செலவே இல்லாமல் வருவதுதான் அதன் அழகு. அதில் மூன்று முறை மருந்து அடித்தால் மிஞ்சுவது என்ன?

நோயுள்ள செடியைப் பிடுங்கச் சொல்கிறார்கள். எத்தனை நாள் வரை பிடுங்கலாம்?

30-ஆம் நாள் வரை பிடுங்குவது பலன் தரும். நூற்றுக்கு ஐந்து, பத்து செடி என்ற அளவில் இருக்கும்போது செய்ய வேண்டும். காலையில் ஈ மந்தமாக இருக்கும்போது, செடியை ஆட்டாமல் வேரோடு எடுத்து, அங்கேயே ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டி, வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். பிடுங்கி வரப்பில் போட்டால் அதில் இருக்கும் ஈ பக்கத்துச் செடிக்குத் தாவும், பிடுங்கியதே வீணாகிவிடும்.

வயலில் பாதிக்கு மேல் வந்துவிட்டால் பிடுங்கிப் பயனில்லை. 20-ஆம் நாளிலேயே அந்த நிலை என்றால், மனசு கேட்காதுதான், ஆனாலும் மடக்கி உழுதுவிட்டு, பயறு அல்லாத வேறு பயிருக்குப் போவதே மேல் என்பேன்.

நோய் வந்த வயலில் விதைக்கு எடுக்கலாமா?

வேண்டாம். மஞ்சள் தேமல் விதை வழி வராது என்றுதான் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற உளுந்துச் செடியின் விதையிலும், அதிலிருந்து முளைத்த நாற்றிலும் வைரஸ் இருப்பதைக் காட்டினார்கள். வயலில் இது எவ்வளவு தூரம் நோயைப் பரப்புகிறது என்பது விவாதத்தில் இருக்கும் விஷயம். எப்படி ஆனாலும் சுருங்கிய மணி நல்ல விதை ஆகாது. விதைக்கு வேண்டுமானால் 30-ஆம் நாளிலேயே சுத்தமான ஒரு மூலையைக் குறித்து, கொடி கட்டி வைத்து, அங்கிருந்து மட்டும் எடுங்கள்.

ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ள மாதிரி எப்படி எடுப்பது?

ஒரு சாதாரண விவசாயிக்கு இது தேவைப்படாது. விதை உற்பத்தி செய்பவர்களுக்கும், தாங்கும் ரகத்தில் பெருவாரியாக நோய் வந்து திகைத்து நிற்பவர்களுக்கும் தேவைப்படும். பி.சி.ஆர். முறையில் வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடி எந்த வைரஸ் என்பது வரை சொல்லிவிட முடியும்.

அறிகுறி தெளிவாகத் தெரியும் இளம் இலையை எடுங்கள், காய்ந்த பழைய இலை உதவாது. அதே வயலில் நன்றாக இருக்கும் செடியின் இலையையும் தனியாக எடுங்கள், ஒப்பிட அது வேண்டும். ஈரமில்லாத செய்தித்தாளில் மடித்து, விதைத்த நாள், ரகம், ஊர், முதலில் மஞ்சள் தெரிந்த நாள் எல்லாவற்றையும் மேலே எழுதுங்கள். பாலிதீன் பையில் வியர்க்க விட்டால் இலை அழுகிவிடும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று சொல்வார்கள்.

படம் அனுப்பிக் கேட்பதாக இருந்தாலும் நான்கு படம் எடுங்கள்: வயல் முழுவதும், ஒரு முழுச் செடி, கொழுந்து இலையின் மேல்பக்கம், அதன் அடிப்பக்கம். வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழல் இலை மேல் விழும்படி நின்று எடுத்தால் நிறம் உண்மையாக வரும்.

நோய் வந்த செடியை மாட்டுக்குப் போடலாமா? அந்த உளுந்தைச் சமைக்கலாமா?

இரண்டும் செய்யலாம். செடியின் வைரஸ் மனிதரையோ மாட்டையோ தொற்றாது. மருந்து அடித்த செடியாக இருந்தால் மட்டும், புட்டியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும் வரை மாட்டுக்குப் போடாதீர்கள், காயையும் பறிக்காதீர்கள். சுருங்கிய மணியை அரைத்தால் மாவு குறைவாகத்தான் காணும், அவ்வளவுதான்.